சிந்தாதிரிப்பேட்டைக் கிணற்று மூடி நிதானமாக எழும்பிய வரலாறு

இரும்பு கனமானது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மயிலாப்பூரில் அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால் கனமான இரும்பை எதற்காகத் தூக்க வேண்டும் என்ற விஷயத்தில் உலகம் இதுவரை அறியாமையில் மூழ்கிக் கிடந்தது. ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் வைப்பதற்காகவே அதைத் தூக்குவதாக ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பாமர நோக்கம் என்று கண்டறிந்து வெளியிட்டவர் என் சித்தப்பா, ராவ் பகதூர் கோதண்டபாணி.

சித்தப்பா ஜில்லா ஜில்லாவாக டிப்டி கலெக்டர் உத்தியோகம் பார்த்து ரிடயரானவர். உத்தியோக காலத்தில் அவர் தமக்கு வேண்டிய விசிறியைக்கூடத் தாமே வீசிக்கொண்டதில்லை. கையெழுத்திலேயே வேண்டிய பலமெல்லாம் இருந்தது. புஜத்தில் தனியாக ஒன்று தேவைப்படவில்லை. பென்ஷன் ஆனவுடன் கையெழுத்துக்கு யாரும் நடுங்கவில்லை. அப்போதுதான் அவருக்குத் தேக பலத்தைப் பற்றிய சிந்தனை பிறந்தது.

அந்தச் சமயத்தில் அடையாற்றில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஓர் ஐரோப்பியர் தங்கியிருந்தார். கிழக்கத்திய ஞானத்தைத் தேடிக்கொண்டு கப்பலேறி வந்தவர்; வந்த இடத்தில் தம்மிடமிருந்த ஞானத்தைக் கிழக்கத்தியருக்கே விற்றுவிட்டுக் கப்பலேறிப் போனார். அவர் விட்டுச் சென்ற சரக்கு ஒரு ஜோடி டம்பெல்லும் ஒரு தத்துவமும். இரும்பை வேகமாகத் தூக்கினால் சதை வளரும், அகங்காரமும் கூடவே வளரும். நிதானமாக, மனத்தைப் புஜத்துக்குள் செலுத்தித் தூக்கினால் ஆத்மா வளரும். எவ்வளவு நிதானமோ அவ்வளவு ஆத்மா.

சித்தப்பா இதை வேதவாக்காக ஏற்றுக்கொண்டு "நிதான பல சங்கம்" ஸ்தாபித்தார். ரிடயர்டு சப் ஜட்ஜுகள், ரிடயர்டு தாசில்தார்கள், ரிடயராகப்போகிற ஹெட் கிளார்க்குகள் எல்லாரும் அங்கத்தினரானார்கள். சாயங்காலங்களில் தியாகராய நகரில் பனகல் பார்க்குக்குப் போனால் அவர்களைத் தரிசிக்கலாம். காவி நிற அரை நிஜார், அதற்கு மேல் கௌரவத்தை உத்தேசித்து ஜரிகை அங்கவஸ்திரம், கையில் இரும்பு. மரத்துக்கு ஒருவராக, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்பார்கள். வேர்க்கடலை விற்கிறவன் என்னிடம், "இந்த பொம்மைங்களை எப்போம்மா திறந்து வெக்கப்போறாங்கோ?" என்று மரியாதையாக விசாரித்தான். ஒரு சப் ஜட்ஜின் தோளில் காக்கை உட்கார்ந்தது. மறு வாரம் சங்கம் அவருக்கு மெடல் கொடுத்தது. அதற்கப்புறம் பல பெரிய மனிதர்கள் அங்கவஸ்திர மடிப்பில் பொரி போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என் சுபாவமல்ல. காலேஜில் தர்க்கம் படிக்கிறவளுக்கு அது தர்மமுமல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா கூடத்தில் டம்பெல்லுடன் நின்றுகொண்டிருந்தபோது நேராகப் போய்க் கேட்டேன்.

"சித்தப்பா, வேகமாத் தூக்கறவனைவிட மெதுவாத் தூக்கறவன் உசத்தியா?"

"சந்தேகமென்ன."

"அவனைவிட மெதுவாத் தூக்கறவன்?"

"அவனைவிட உசத்தி."

"அப்படின்னா தூக்கவே தூக்காம, கையை மட்டும் வெச்சுண்டு நிக்கறவன்தானே எல்லாரையும்விட உசத்தி?"

கேட்டுவிட்டு நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இந்த அடியோடு ஆசாமி டம்பெல்லைப் போட்டுவிட்டு நாற்காலியைத் தேடுவார் என்று எதிர்பார்த்தேன். சித்தப்பா கண்ணைத் திறந்தார். கண்ணில் நீர் தளும்பியது.

"இத்தனை பேர் நம்மாத்துக்கு வந்துண்டு போயிண்டு இருக்கா. இந்தச் சங்கத்துல நீ ஒருத்திதாண்டி விஷயத்தைப் புரிஞ்சுண்டிருக்கே" என்றார்.

"நான் பரிகாசம் பண்ணினேன், சித்தப்பா."

"ஞானம் முதல்ல அப்படித்தான் வரும்."

சித்தப்பா அக்காலத்தில் கொசு ஒழிப்பு இலாகாவுக்குக் கௌரவ ஆலோசகராகவும் இருந்தார். சம்பளமில்லாத உத்தியோகமாதலால் அதை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கூடத்தில் எனக்கும் அவருக்கும் நடந்த சம்பாஷணையின் பயனாக, அடுத்த வாரமே அந்த இலாகாவிலிருந்து ஒரு சர்க்குலர் கிளம்பிற்று:

"இவ்விலாகாவின் சிப்பந்திகள் இனி எப்பொருளைத் தூக்க நேரிடினும், அதை நிதான முறைப்படி, புஜத்தில் மனத்தை நிறுத்தி, சுவாசத்தைக் கவனித்துத் தூக்கக் கடவர். தூக்காமையே தூக்குதலின் உத்தம நிலை என்பது கல்வி கற்ற இளமங்கை ஒருவரால் நிரூபிக்கப்பட்டுள்ளது. ஆயினும் இளநிலைச் சிப்பந்திகள் படிப்படியாகவே அந்நிலையை எய்த முயல வேண்டும்."

இலாகாவில் இதற்கு எதிர்ப்பு இருந்ததா என்று கேட்பீர்கள். ஆனந்தக் கண்ணீர் இருந்தது. அத்தனை வருஷமாகத் தாங்கள் செய்துவந்ததற்குச் சோம்பல் என்று பெயரல்ல, சாதனை என்று பெயர் என்பதை அன்றுதான் அவர்கள் அறிந்தார்கள். வருகிற தட்டிலிருந்து போகிற தட்டுக்கு ஒரு காகிதக் கட்டைத் தூக்குகிற குமாஸ்தா, கட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கண்களை மூடினார். மத்தியானம் காப்பிக்குத்தான் திறந்தார். மேலதிகாரி அவரைத் தாண்டிப் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்.

இத்துடன் நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். சர்க்கார் ஆபீஸில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எந்தப் பத்திரிகையிலும் சமாசாரமாகாது. ஆனால் எனக்கு ஒரு புடவை வேண்டியிருந்தது.

என் அம்மாவின் பழைய பட்டுப் புடவை ஒன்று நிறம் வெளுத்துப் போயிருந்தது. காலேஜ் சொற்போருக்கு அதற்கு மயில் கழுத்துச் சாயம் போட்டு உடுத்திக்கொள்ளலாமென்று சிந்தாதிரிப்பேட்டை அமீனா பீயிடம் கொடுத்திருந்தேன். சாயம் போடுவதில் அமீனா பீக்கு நிகர் பட்டணத்தில் இல்லை. புருஷன் போனபின் அந்த அண்டாக்களை வைத்துக்கொண்டுதான் பிழைத்துவந்தாள். பெருநாள் வந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்துத் துப்பட்டா, தலைப்பாகை, குழந்தைகள் சட்டைத் துணி எல்லாம் அவளிடம்தான் வரும். அந்த ஒரு பருவத்து வேலைதான் வருஷம் முழுவதும் அடுப்பை எரிய வைக்கும்.

மவுண்ட் ரோடு ரவுண்டாணாவில் ட்ராமை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து அவள் சந்துக்குப் போனேன். சந்தின் கோடியில் கூவம். நடுவில் ஒரு கிணறு. அண்டாக்கள் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. துணி மூட்டைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

"வா பேட்டி. உன் புடவை பத்திரமா கீது" என்றாள் அமீனா பீ. 'பேட்டி' என்றால் அவள் பாஷையில் மகள்.

"சாயம் போட்டாச்சா?"

"சாயம் கீது. துணி கீது. நானும் கீறேன். தண்ணிதான் இல்லே."

"கிணறு இருக்கே?"

"போய்ப் பாரு."

கிணற்றின் மேல் வட்டமான இரும்பு மூடி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் அரக்கு முத்திரை. திறந்த கிணற்றில் கொசு முட்டையிடுகிறது என்று இலாகாக்காரர்கள் வந்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மூடியில் கைப்பம்பு வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். பம்பு வந்து ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. மூடியைத் தூக்கினால்தான் பம்பை மாட்ட முடியும். சந்தில் ஆண்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. நாலு பேர் கைபோட்டால் தூக்கிவிடுவார்கள். ஆனால் இலாகாவின் மூடியை வெளியார் தொட்டால் அபராதம். அமீனா பீயின் அக்காள் மகன் ஷரீஃப் ஒருநாள் அதன் மேல் உட்கார்ந்ததற்கே ஆபீஸுக்குப் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"தெருக் குழாய்?"

"காலையில நூலாட்டம் வரும். குடிக்க சரியாப் போவும். அண்டா ரொம்புமா? பெருநாளு கிட்ட வந்துட்டுது. துணி குடுத்தவங்க நாளைக்கு ஒருத்தரா வந்து வாங்கிக்கினு போயிருவாங்க. அப்புறம் வருசம் முச்சூடும் நான் இந்த அண்டாவை வேடிக்கை பாக்க வேண்டியதுதான்."

"கூவம் பக்கத்திலேயே இருக்கே" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அமீனா பீ என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதுல முக்கினா எந்தச் சாயம் போட்டாலும் ஒரே நிறம்தான் பேட்டி. இந்து, துலுக்கர், கிறிஸ்தவர் எல்லாருக்கும் பொது."

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று சாயங்காலமே சித்தப்பாவின் முன் போய் நின்றேன். நான் பேசிய பேச்சைக் கேட்டு ஹைகோர்ட்டு ஜட்ஜாயிருந்தாலும் எழுந்து நின்றிருப்பார். சித்தப்பாவும் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார், டம்பெல்லுடன். முழுவதையும் கேட்டுவிட்டு மெல்லத் தலையை அசைத்தார். மறுநாளே உத்தரவு போயிற்று. சர்க்கார் சரித்திரத்தில் இத்தனை சீக்கிரம் ஓர் உத்தரவு போனதில்லை. சிந்தாதிரிப்பேட்டைக் கிணற்று மூடியை உடனே தூக்க வேண்டியது. நிதான முறைப்படி.

கடைசி வார்த்தையை நான் கவனிக்கவில்லை.

மூடி தூக்கும் கோஷ்டி வந்து சேர்ந்தது. மேஸ்திரி கபாலி, அவன் ஆட்கள் நால்வர், மேற்பார்வைக்கு சானிடரி இன்ஸ்பெக்டர் துரைராஜ். கபாலி இந்த மாதிரி மூடிகளை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே புரட்டிப் போட்டவன். அமீனா பீ அண்டாக்களை நிமிர்த்தி வைத்து, அடுப்பில் விறகு அடுக்கிவிட்டாள். இன்ஸ்பெக்டர் முத்திரையை உடைத்தார். ஐந்து பேரும் கடப்பாரையை மூடியின் விளிம்பில் கொடுத்து, கைகளை வைத்து, கண்ணை மூடினார்கள்.

அப்படியே நின்றார்கள்.

வெயில் ஏறிற்று. சந்து ஜனங்கள் குடங்களுடன் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அமீனா பீ கபாலியின் அருகில் போய்க் குனிந்தாள்.

"இன்னா நைனா, தூங்கறியா?"

"தூக்கிக்கினு கீறேம்மா" என்றான் கபாலி, கண்ணைத் திறக்காமல்.

"மூடி அங்கேயே கீதே?"

"அது எனக்குத் தெரியாது. மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கீறாரு. நானும் பொறந்ததுலேந்து இழுத்துக்கினுதான் கீறேன். இன்னிக்குத்தான் அதுக்குக் கூலி குடுக்கறாங்க."

நான் இன்ஸ்பெக்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடி எழும்பவில்லையே, ஸார்."

"எழும்புகிறது, அம்மா. தங்களுடைய பார்வை சற்று அவசரமானது."

"எவ்வளவு எழும்பியிருக்கிறது?"

"எழும்பியிருக்கிறது என்பது பலனை நாடுகிற பேச்சு. எழும்பிக்கொண்டிருக்கிறது என்பதே எங்கள் இலாகாவின் பாஷை."

"இந்த அம்மாளுக்குத் தண்ணீர் வேண்டும்."

"அவசியம் வேண்டும். இவர் தாகத்தைப் பதறாமல் கவனித்துவந்தால், மூடி மேலே வரும்போது இவரும் உள்ளே உயர்ந்திருப்பார்."

"எனக்குத் தாகமில்லே, தொரை" என்றாள் அமீனா பீ. "என் அண்டாவுக்குத்தான். அதை ஒக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடு."

துரைராஜ் அதையும் குறித்துக்கொண்டார். அன்றைய அறிக்கையில் "மூடி உயர்ந்துகொண்டிருக்கிறது. பொதுமக்கள் ஒத்துழைக்கிறார்கள்" என்று எழுதப்பட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

இதற்குள் சிந்தாதிரிப்பேட்டை மூடியின் கீர்த்தி மயிலாப்பூரை எட்டிவிட்டது. பார்க்கில் தனித்தனியாக நின்று தூக்குவது பழசாகிவிட்டது. ஒரு கிணற்று மூடியைக் கூட்டாகத் தூக்காமலிருப்பது எவ்வளவு பெரிய காரியம். குதிரை வண்டிகளிலும் மோட்டார்களிலும் சங்கத்தார் வந்து இறங்கினார்கள். சமுக்காளம் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூடிக்கடியில் ஒரு மெல்லிய ஒளி தெரிந்ததாக ஒரு வக்கீல் சொன்னார். தமக்கு இரண்டு ஒளி தெரிந்ததாக அவருக்கு எதிர்க்கட்சி வக்கீல் சொன்னார். கபாலியின் ஆட்களில் ஒருவன் கொட்டாவி விட்டபோது, பிராணன் மேலே கிளம்புகிறதென்று பக்கத்திலிருந்த பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். என் சித்தி ரத்னாவும் சிநேகிதிகளோடு வந்தாள். பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்திருந்தாள். கிணற்றங்கரையில் உட்கார்ந்து தாகத்துக்குக் காப்பி குடித்தவர்கள் உலகத்திலேயே முதன்முதலாக அவர்களாகத்தான் இருக்கும்.

அமீனா பீ மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள். அவள் தன் கைப்பொருளைப் போட்டு வாங்கி வைத்திருந்த மல் துணிதான் மீதி. அதுவும் என் புடவையும்.

"நீ ஒண்ணும் வருத்தப்படாதே, அமீனா பீ. நான் நாளைக்கு ஒரே வாதத்தில் இதை முடித்துவிடுகிறேன்" என்றேன்.

"வாதத்துல தண்ணி வருமா பேட்டி?"

"நீ பார்த்துக்கொண்டே இரு."

மறுநாள் கிணற்றங்கரையிலேயே சங்கத்தின் விசேஷக் கூட்டம். சித்தப்பா தலைமை. இலாகாவின் பெரிய அதிகாரிகள் முன்வரிசை. பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார்கள். நான் எழுந்தேன். முட்டாள்தனத்தை அறிவால் வெல்ல முடியாது என்பதை அதற்குள் நான் தெரிந்துகொண்டிருந்தேன். அதன் தர்க்கத்தாலேயே அதைக் கட்டிப் போட வேண்டும் என்று தீர்மானித்து வந்திருந்தேன்.

"தலைவர் அவர்களே, தூக்காமையே தூக்குதலின் உத்தம நிலை. இது இலாகாவின் சர்க்குலர். சரிதானே?"

"சரி" என்றார் சித்தப்பா.

"இந்த மூடி இம்மியும் அசையாமல் இருக்கிறது. இதைவிடப் பூரணமாகத் தூக்காமலிருக்க யாராலாவது முடியுமா?"

"முடியாது" என்றது முன்வரிசை.

"அப்படியானால் இந்த மூடி உத்தமமான முறையில் தூக்கியாகிவிட்டது. காரியம் பூர்த்தி. மூடி தூக்கப்பட்டுவிட்ட கிணறு திறந்த கிணறு. திறந்த கிணற்றிலிருந்து இந்தச் சந்து ஜனங்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளத் தடையேது? சங்கத்தாருக்கு வந்தனம் சொல்லி, கபாலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கிணறு திறந்ததென்று இன்றே உத்தரவு போடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

உத்தரவு போட்டுவிட்டுச் சங்கத்தார் தலையை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். இடுக்கில் ஷரீஃபும் மூன்று இளைஞர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். உத்தரவு வந்த மறு நிமிஷம் மூடி பாமர முறையில் புரண்டிருக்கும்.

கரகோஷம் கூவத்துக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். சித்தப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிணறு திறக்கப்பட்டதாக அந்த இடத்திலேயே பிரகடனம் செய்தார். ஒருவர் எனக்குப் பூச்செண்டு கொடுத்தார். நான் அமீனா பீயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

நான் சிரித்து முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு கனத்த மனிதர் எழுந்து கைக்கடியாரத்தைப் பார்த்தார். அவர் கொசு இலாகாவிலேயே மூடுதல் பிரிவின் தலைவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. சொல்லிக்கொள்ளுமளவு அவர் நிற்கவில்லை.

"பகிரங்கக் கூட்டத்தில் ஒரு கிணறு திறந்திருப்பதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. திறந்த கிணறு கொசு விருத்திக்கு ஏது. என் பிரிவு அதை அனுமதிக்க முடியாது" என்றார்.

"ஸார், அது மூடித்தான் இருக்கிறது" என்றேன்.

"இப்போதுதான் திறந்தது என்று தாங்களே நிரூபித்தீர்கள். கரகோஷத்தை நான் என் காதால் கேட்டேன்."

"ஆனால் மூடி அதன் மேலேயே இருக்கிறதே. கண்ணால் பாருங்கள்."

"கண் அவசரமானது" என்று இன்ஸ்பெக்டர் துரைராஜ் எனக்கு இரக்கத்தோடு நினைவூட்டினார்.

சந்து முனையில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. சர்க்குலர் தூக்குவதைப் பற்றித்தான் பேசிற்று. போடுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. எனவே மூடுதல் பிரிவு பழைய முறைப்படியே வேலை செய்தது. எட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒரு புது மூடி, முன்னதைவிடப் பெரியது, பழைய மூடியின் மேல் தடாலென்று விழுந்தது. கபாலி கையை எடுத்தான். கடப்பாரை நடுவில் மாட்டிக்கொண்டது. அரக்கு உருகிற்று, முத்திரை விழுந்தது, லாரி போய்விட்டது. என் வாழ்நாளில் ஒரு சர்க்கார் காரியம் அத்தனை சுறுசுறுப்பாக நடந்து நான் பார்த்ததில்லை. சங்கத்தார் முகத்தைச் சுளித்தார்கள். இவ்வளவு அவசரம் பண்பாடல்ல என்றார்கள்.

கிணற்றைத் திறந்து வைத்திருந்ததற்காகச் சந்து ஜனங்களுக்கு நோட்டீஸ் வந்தது. கதவு எண்ணில் முதலாவது வீடு என்பதால் அமீனா பீயின் வாசலில் ஒட்டினார்கள்.

நான் ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. பயந்தல்ல, புதிய வாதம் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒரே கிணற்றுக்கு இரண்டு மூடி போடுவது பொதுப்பணத்தின் துர்விநியோகம் என்பதில் ஆரம்பித்து, கீழ் மூடி தூக்குதல் பிரிவைச் சேர்ந்தது, மேல் மூடி மூடுதல் பிரிவைச் சேர்ந்தது, ஒரு பிரிவின் சொத்தை மற்றொரு பிரிவு அமுக்கி வைத்திருப்பது அத்துமீறல் என்று முடிக்கலாம். மறுக்க முடியாத வாதம். பெருநாள் கழிந்துவிட்டது என்பது ஒன்றுதான் அதிலிருந்த குறை.

அதைச் சொல்லத்தான் போனேன். சந்து முனையிலேயே மோட்டார்கள் நின்றன. அமீனா பீயின் வாசலில் மயிலாப்பூர் ஸ்திரீகள் கூட்டம். என் சித்தி ரத்னா முன்னால் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கொடியில் மல் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதன் நிறத்தை எப்படிச் சொல்வது? சாம்பலும் பாசியும் சேர்ந்து ஏதோ தப்புக் காரியம் செய்த மாதிரி ஒரு நிறம். வாசனையும் இருந்தது.

நடந்தது இதுதான். துணி மக்கிப்போவதற்குள் ஏதாவது செய்யலாமென்று ஆத்திரத்தில் அமீனா பீ அதைக் கூவத்தில் முக்கி எடுத்து உலர்த்தியிருக்கிறாள். மூடியைத் தரிசிக்க வந்த சித்தி அதைப் பார்த்து, "இது என்ன நிறம்?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவு நாள் சங்கத்தார் பேச்சைக் காது புளிக்கக் கேட்டவளல்லவா அமீனா பீ?

"இதுவாம்மா? இது மெதுவா வர்ற நிறம். அவசரக்காரங்க கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறாள்.

சித்தியின் கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. சித்திக்குத் தெரிந்தது சப் ஜட்ஜ் மனைவிக்குத் தெரியாமல் போகுமா?

கூட்டம் கலைந்தபின் நான் அமீனா பீயைத் தனியாகப் பிடித்தேன்.

"பெருநாள் போச்சேன்னு பார்த்தேன். பரவாயில்லையா?"

"பெருநாள் போனது போனதுதான். எங்க ஜனத்துக்கு நான் போட்ட மயில் கழுத்து வேற, இது வேற. அவங்க இனிமே வேற எடத்துக்குத்தான் போவாங்க. அடுப்பு எரியுது. அவ்ளோதான்."

"இரு. அந்த இரண்டு மூடியையும் நான் விடப்போவதில்லை. ஒரு வாதம் வைத்திருக்கிறேன், கேள்." நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"பேட்டி, உனக்குப் புண்ணியமாப் போவும். நீ வாதாட வந்தப்போ ஒரு மூடி இருந்துச்சு. ஜெயிச்சதும் ரெண்டாச்சு. இன்னொரு வாட்டி ஜெயிச்சியானா, மூணாவதை எங்கே வெப்பேன்? சந்துல எடமில்லே." பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உன் பொடவை. மயில் கழுத்துக்குத் தண்ணி ஏது? இதே நிறம்தான் போட்டுக்கீறேன். உன் காலேஜுப் பொண்ணுங்ககூட இப்போ இதைத்தான் கேக்கறாங்க."

நான் அதை உடுத்துவதில்லை என்று பிரதிக்ஞை செய்துகொண்டேன். ஆனால் சொற்போர் நாளன்று வேறு நல்ல புடவை இல்லை. மேலும் ஒரு நிறத்தை உடுத்துவது அதை ஒப்புக்கொள்வதாகாது என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன். தலைப்பு: "அவசரமே நாகரிகத்தின் சத்துரு." நான் மறுத்துப் பேசினேன். எதிரே பெண்கள் வரிசை முழுவதும் அதே நிறம். ஆண்கள் வரிசையில் அங்கவஸ்திரங்களும் அதே நிறம். மார்ச்சு மாத வெயில். கதவு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. என்னுடைய ஐந்தாவது ஆட்சேபணையின்போது மண்டபமே கூவக்கரையாகிவிட்டது. முன்வரிசையில் எல்லாரும் சுவாசத்தைக் கவனிக்கிற பாவனையில் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார்கள். மேடையில் நானும்தான்.

தலைமை வகித்த சித்தப்பா ஜன்னல்களைத் திறக்கும்படி உத்தரவிட்டார்.

திறந்துகொண்டிருக்கிறார்கள்.